பத்து பங்கும் ஒரு பாய்லர்காரரும்

பங்கு புரோக்கர் ஆபீஸில் விலை ஏறினால் கஸ்டமர் கெட்டிக்காரர், இறங்கினால் அங்கே வேலை பார்க்கிறவன் அயோக்கியன். கஸ்டமரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே தாடை வலித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2007-இலிருந்து நாலு வருஷம் சிதம்பரம் கீழவீதியில் அப்படி ஒரு ஆபீஸில் இருந்தேன். விலைக்காகத் திட்டு வாங்குவது பழகிவிட்டது. புகைக்காகவும் திட்டு வாங்குவேன் என்றுதான் நினைக்கவில்லை.

விற்க மாட்டார்

ராஜவேலு மாமா என் கஸ்டமர், நெல்லிக்குப்பத்துக்காரர். சர்க்கரை மில்லில் பாய்லர் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு விமானக் கம்பெனியின் பத்து பங்கை அவர் தலையில் கட்டியிருந்தேன். விமானப் புகையால் பூமி சூடாகிறது என்று ஒருநாள் பேப்பரில் படித்துவிட்டு, அந்தப் பேப்பரோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

“பிடிக்கலைன்னா வித்துடலாம் மாமா” என்றேன்.

முறைத்தார். “வித்துட்டா நான் யாரோ, அவன் யாரோ. கையில வச்சிருந்தாத்தான மாப்ள, ‘எவ்ளோ எரிக்கிற, எதுக்கு எரிக்கிற’ன்னு மொதலாளி மாதிரி கேக்க முடியும்?”

சீட் நம்பர் என்ன?

அவர் சொல்லச் சொல்ல, உங்கள் விமானப் புகையைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் டைப் அடித்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. தங்கள் பெட்டி தொலைந்ததற்கு வருந்துகிறோம், பெட்டியின் நிறத்தைத் தெரிவிக்கவும் என்று இருந்தது.

பெட்டி இல்லை, புகை என்று மறுபடி எழுதினோம். இந்தத் தடவை நிஜமாகவே பதறியிருந்தார்கள். எங்கள் விமானத்தில் புகைபிடிக்க அனுமதியே இல்லை, பிடித்தவர் யார், தங்கள் சீட் நம்பர் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

மாமா லெட்டரைத் தடவிப் பார்த்தார். “நான் ப்ளேன்லயே ஏறினதில்ல. இவ்ளோ அக்கறையா கேக்குறான், சன்னல் ஓரம்னு எழுதிடு மாப்ள.”

ஜமீலாம்மாவின் கவலை

அதே பங்கை வைத்திருந்த ஏழு பேரை மாமா சேர்த்துவிட்டார். கூட்டம் எங்கள் ஆபீஸ் ஃபேனுக்கடியில் நடந்தது. பரங்கிப்பேட்டை ஜமீலாம்மாவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். ப்ளேன் இறங்கின பிறகும் கால்மணி நேரம் ரெண்டு இன்ஜினும் இரைய ஊர்ந்துதான் போய் நிற்கிறது என்று அவர் போனில் சொன்ன தகவல் மாமாவின் தூக்கத்தைக் கெடுத்தது. தரையில் ஊர எதுக்கு ரெண்டு இன்ஜின்?

இதற்குள் லெட்டர் விஷயம் தெரிந்து சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் போனில் கத்தினார்: “பங்கு விக்கிறியா, சங்கம் நடத்துறியா? இன்னொரு லெட்டர் போச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்.” எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். ஜமீலாம்மாவுக்கு வேறு பயம்.

“தம்பி, பொகைய கொறைக்கிறேன்னு மெதுவா ஓட்டிடப் போறான். எங்க ஊட்டுக்காரவுங்களுக்கு ஒரு மாசம்தான் லீவு, அது வானத்துலயே முடிஞ்சிடும்.”

மைக் வேண்டாம்

லெட்டர்தானே போடக்கூடாது? லீவு போட்டுவிட்டு மாமாவோடு சென்னையில் நடந்த விமானக் கம்பெனியின் பங்குதாரர்கள் கூட்டத்துக்குப் போனேன். முன்னால் பேசிய நாலு பேரும் சேர்மனின் சட்டையைப் பாராட்டினார்கள். மாமா எழுந்து, தரையில் ஊர எதுக்கு ரெண்டு இன்ஜின் என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஐயா எந்த ஊர் இன்ஜினியர் என்று சேர்மன் கேட்டார், மறுபடி சிரிப்பு. நான் நாற்காலிக்குள் புதைந்துகொண்டேன். மாமாவின் காது சிவந்துவிட்டது, ஆனால் உட்காரவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

“மூணு பாய்லர் சத்தத்துக்கு நடுவுல பேசினவன் நானு. மைக்க நீங்களே வச்சிக்குங்க, பதில மட்டும் எனக்குக் குடுங்க!”

மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி இன்ஜினியர் ஒருவர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

ஒரு கன்று, ஒன்பது பேர்

எங்களைச் சமாதானப்படுத்த, மரம் நடுகிறோம் என்று கம்பெனி அதிகாரிகள் பிச்சாவரம் வந்தார்கள். சென்னை வரை ப்ளேனில், அங்கிருந்து மூன்று ஏசி காரில். வந்த ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு அலையாத்திக் கன்றைப் பிடித்துச் சேற்றில் நட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஏசி குளிர்ச்சி போய்விடக்கூடாது என்று மூன்று காரும் கரையில் உறுமிக்கொண்டே நின்றன. மாமா கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு காராகப் போய் இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

படகுக்காரர் என் காதோரம் கேட்டார்: “கன்னு நம்மகிட்டயே ஆயிரம் கெடக்கு சார், இவுங்க அந்த இன்ஜின நிறுத்தத்தான் இவ்ளோ தூரம் வந்தாங்களா?”

நாற்பதாம் பக்கம்

மறுவருஷ ஆண்டறிக்கையில் நாற்பதாம் பக்கத்தில் ரெண்டு வரி இருந்தது. இறங்கிய விமானங்கள் முடிந்தவரை ஒரே இன்ஜினில் ஊர்கின்றன, யோசனை ஒரு பங்குதாரருடையது. பேர் போடவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்ன மேனேஜர் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அவர் ஆபீஸ் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

மாமா என்னை மூணு தடவை வாசிக்கச் சொன்னார். நாலாவது தடவை டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து, அவருக்கும் புரியும்படி என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். பிறகு அந்த அறிக்கையைக் கையில் தூக்கிப் பார்த்தார். செங்கல் கனம், வழவழப்பான தாள்.

“ஒரு இன்ஜின நிறுத்திட்டான், சரி. ஊருக்கெல்லாம் இவ்ளோ பேப்பர அடிச்சு அனுப்புறான் பாரு, அத எப்ப நிறுத்துவான்? நீ டைப் அடி மாப்ள!”

அந்த நாலு வருஷத்தில் நான் விற்ற பங்குகளில் லாபம் கொடுத்தது எது என்று இன்றைக்கும் தெரியாது, எனக்கு வேலை கொடுத்தது எது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.