எங்கள் வீட்டு மிலிட்டரிக்காரர் கேட்ட சுட்டி

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. தவக்காலம் ஆரம்பித்திருந்த நேரம். செஞ்சியில், கோட்டை மலையைப் பார்த்தாற்போல இருக்கிற எங்கள் வீட்டில்தான் நடந்தது. பங்குனி பிறப்பதற்கு முன்பே பாறையெல்லாம் கொதிக்க ஆரம்பித்துவிடும் ஊர் இது. ஜன்னலைத் திறந்தாலும் அனல், மூடினாலும் புழுக்கம்.

என் வீட்டுக்காரர் மிலிட்டரியில் டிரைவராக இருந்தவர். கல்யாணமான காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்தது போலவும் இருக்கும், போனது போலவும் இருக்கும். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நான் இங்கேயே தங்கிவிட்டேன். வடநாட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. ரிட்டயர்டு ஆகி வந்த பிறகும் அவர் வீட்டில் ஒரு வார்த்தை இந்தி பேசி நான் கேட்டதில்லை. மிலிட்டரிக் கதை சொல்லுங்கள் என்றால், "அங்க இன்னா இருக்குது, குளிருதான் இருக்குது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அவரோடு வந்தவர்கள் எல்லாம் சென்னைக்குப் போய் செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தார்கள். இவர் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஒரு பழைய வேனை வாங்கி, அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தார். மாதா படத்துக்குப் பக்கத்தில் அங்காளம்மன் படத்தையும் மாட்டிக்கொண்டு ஒரு வேதக்காரர் வேன் ஓட்டுவதைப் பார்த்து எங்கள் பங்குச் சாமியாரே சிரிப்பார். அப்புறம் ஒரு மினி பஸ், அதற்கப்புறம் இன்னொன்று. அவலூர்பேட்டைப் பக்கம் பஸ்ஸே எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கெல்லாம் எங்கள் வண்டி போனது. அதில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், வீடு கட்டினோம்.

ஒன்று மட்டும் அவரிடம் நடக்காது. ராத்திரி வெளியூரில் தங்குகிற சவாரி என்றால் எடுக்கவே மாட்டார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வரும். "வேளாங்கண்ணிக்கு ஒரு டிரிப் அடிச்சா இன்னா, முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்துவேன். "வூட்டு சோறு துன்னாதான் எனக்குத் தூக்கம் வருது" என்பார். பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறார் என்று பஸ் ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். அதற்கும் சிரித்துக்கொள்வார்.

வயசானதும் வண்டிகளை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியில் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே தமிழும் போய்விட்டது. வாயைத் திறந்தால் இந்திதான்! மூளையில் அடிபட்டால் சில பேருக்கு இப்படி ஆகும், எப்போதோ பழகிய பாஷை மேலே வந்துவிடும், கோர்வையாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர்.

தெருவில் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிற மாதிரி வந்து பார்த்தார்கள். "அண்ணி, உங்கள இந்தியிலயே திட்டறாரா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளை நான் இந்தி இல்லாமலேயே திட்டி அனுப்பினேன். சென்னையிலிருந்து மகனும் கோயம்புத்தூரிலிருந்து மகளும் வந்தார்கள், இருந்தார்கள், போனார்கள். அவரவர் பிழைப்பு அவரவர்க்கு. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். அவர் பாட்டுக்கு ஒன்று பேசுவார், நான் பாட்டுக்கு ஒன்று பேசுவேன். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆள் இருக்கிற வீட்டில் தனியாக இருந்தேன் பாருங்கள், அதை எந்த விரோதிக்கும் கடவுள் கொடுக்கக்கூடாது.

அத்தனை இந்தியிலும் ரெண்டே ரெண்டு வார்த்தைதான் எனக்கு விளங்கியது. அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஒன்று, பஸ். கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் "பஸ், பஸ்" என்பார். பாவம், விற்ற வண்டியை நினைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். "பஸ்ஸு வந்துடும். டிரைவர் வந்துட்டான், கண்டக்டரும் வந்துட்டான். நீங்க இந்த ஒரு வாய் வாங்கிக்கங்க" என்று சமாதானம் சொல்லிச் சொல்லி ஊட்டுவேன். அவர் முகத்தைத் திருப்புவார். கஞ்சி தாடையில் வழியும்.

இன்னொரு வார்த்தை, சுட்டி. மகள் வயிற்றுப் பேரனை அவர் சுட்டி என்றுதான் கூப்பிடுவார். "சுட்டி, சுட்டி" என்று ஓயாமல் கெஞ்சுவார். போனில் பேரனைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினேன். இவர் பார்க்கக்கூட இல்லை. திரும்பவும் "சுட்டி" என்று கெஞ்சல். "தாத்தாவுக்கு என் மேல கோவமா ஆயா?" என்று பிள்ளை அழுதுவிட்டான். பேரன் வேண்டும் என்கிறார், காட்டினால் வேண்டாம் என்கிறார், நான் என்னதான் செய்வேன்? மாதா முன்னால் நின்று, ஒரே ஒரு தடவை எனக்குப் புரிகிற மாதிரி பேச வையம்மா என்று கேட்டேன். அதற்கு மேல் எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

பக்கத்து மனையில் புது வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகள். ஒரு மத்தியானம் நான் கஞ்சியும் கையுமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருத்தர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். முப்பத்தைந்து வயசு இருக்கும். உடம்பெல்லாம் சிமெண்ட்டுத் தூள்.

"அம்மா, போதும் சொல்றான்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "யாரப்பா அது? பெரிய மனுஷனப் போயி அவன் இவன்ற?" என்று பாய்ந்தேன். அவர் பயந்துபோய்க் கும்பிட்டார். "தப்பு, தப்பு. போதும் சொல்றாங்க. பஸ் சொன்னா இந்தியில போதும்" என்றார்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஐயோ, மனுஷன் வயிறு நிறைந்து போதும் போதும் என்று சொல்லியிருக்கிறார். நான் பஸ் வருது, பஸ் வருது என்று திணித்திருக்கிறேன்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரெண்டையும் செய்தேன். உடனே அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டேன். "சுட்டி, சுட்டின்றாரே, அது பேரன்தானே?" என்றேன்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இந்தியில் ஏதோ கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கடகடவென்று பேசினார். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பேச்சோ! கேட்கக் கேட்க அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது.

"சுட்டி பேரன் இல்ல அம்மா. சுட்டி சொன்னா லீவு. பெரிய சாப், ஆபீசர் கிட்ட லீவு கேக்கறாங்க. வீட்ல பொண்டாட்டி தனியா இருக்கு. நான் இல்லாம தனியா இருக்கு. வீட்டுக்குப் போவணும், லீவு குடு சாப், சொல்றாங்க" என்றார். அந்தப் பிள்ளையும் பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்தவராம்.

"நான் இங்கதானே இருக்கறேன்! என்னப் பாருங்களேன்!" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார். மெதுவாக ஏதோ கேட்டார். என்ன சொல்கிறார் என்றேன். அந்தப் பிள்ளை சொல்லத் தயங்கியது. நான் விடவில்லை. "மேடம், சாப் எப்ப வருவாரு? உங்கள கேக்கறாங்க அம்மா" என்றார்.

நான் என் வீட்டுக்காரரை எங்கே போய்த் தேடுவேன்? அவர் இருக்கிற ஊருக்கு எந்த வண்டியும் போகாதே! அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லீவு குடுத்தாச்சின்னு உங்க இந்தியில எப்பிடிச் சொல்றது?" என்று கேட்டேன்.

"சுட்டி மஞ்சூர். நான் சொல்லவா அம்மா?"

"வேணாம். நானே சொல்றேன்."

ரெண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கட்டிலின் கால்மாட்டில் போய் விறைப்பாக நின்றேன். அதிகாரி எப்படி இருப்பார் என்று எனக்கென்ன தெரியும்? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அதட்டுகிற மாதிரி குரலை உயர்த்தி, "சுட்டி மஞ்சூர்!" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நல்லபடியாக இருந்த இடது கையை மெல்லத் தூக்கி நெற்றியில் வைத்து சல்யூட் அடித்தார். அப்புறம் கண்ணை மூடித் தூங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவர் லீவு கேட்கவே இல்லை. குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் போய்விட்டார். முன்னாள் ராணுவ வீரர், மினி பஸ் உரிமையாளர் என்று பெரிய பேனர் வைத்தார்கள். குடும்பத்துக்காகவே உழைத்த மனிதர் என்று சாமியார் பூசையில் பேசினார். எல்லாம் நிஜம்தான். டைல்ஸ் ஒட்டுகிற அந்தப் பிள்ளையும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரைக்கும் நின்றிருந்தது.

அவர் மிலிட்டரியில் இருந்த அத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் இங்கே கிடந்து தவித்தேன், அவருக்கென்ன, ஆம்பளை, ஊர் ஊராகச் சுற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். நான் தனியாக இருக்கிறேனே என்று அவரும் அங்கே தவித்தார் என்பதை, யாரோ பெற்ற ஒரு பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துபோகிறது. ஆனால் அதை நான் சொல்ல வேண்டிய ஒரே ஆள் இந்த வீட்டில் இல்லை.