கத்தரிக்கோல் சாட்சி சொன்ன கதை

எங்கள் தையல் கூடத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். துணியை வெட்டுவதைவிட வாயால் வெட்டுவது அதிகம். மேலாளரே அவள் மேசைப் பக்கம் வந்தால் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அவளிடம் நித்தமும் திட்டு வாங்குகிறவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் அவளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்காவின் புருஷன். துணிக்கடையில் வேலை என்று சொன்னான். அங்கே போனால் பூட்டிய வீடு. வாசலிலேயே பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாள் முழுக்க வீட்டு வேலை, ஊருக்குப் போகிறேன் என்றால் அடி. கடைசியில் குளியலறை ஜன்னல் கம்பியைப் பெயர்த்துத் தப்பித்தாள். ஊர் திரும்பியதும் முதல் காரியமாக அத்தான் மேல் போலீசில் புகார் கொடுத்தாள்.

குடும்பமே அவள் மேல் பாய்ந்தது. மச்சினியை விற்றவன் நல்லவனாம், அதை வெளியே சொன்னவள் குடிகெடுத்தவளாம்! இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் அனுப்பிய மற்ற பெண்கள் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிவிட்டார்கள். இவளும் வாயை மூடினால் அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவான்.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் அக்கா எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"உன் கால்ல விழறேன்டி. விருப்பப்பட்டுத்தான் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அது பொய்யும் இல்லையே?"

"பொய் இல்லதான்," என்றாள் கத்தரிக்கோல், ஊசியில் நூலைக் கோத்தபடி. "சொல்றேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆத்திரத்தில் அன்றைக்கு அவளோடு நான் பேசவே இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் மறுநாள் கோர்ட்டுக்குத் துணைக்குப் போனேன்.

அத்தானின் வக்கீல் எழுந்தார். "நீங்களா விருப்பப்பட்டுத்தானே போனீங்க?"

"ஆமாங்க. பெட்டியைக்கூட நானேதான் கட்டினேன்."

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். போதும் என்று உட்காரப் போனார்.

"இருங்க சார், நான் இன்னும் முடிக்கலை. நான் விருப்பப்பட்டது கடை வேலைக்கு. பூட்டின வீட்டுக்கு இல்ல. திரும்பிப் போறேன்னு அழுதேனே, அப்போ மட்டும் ஏன் என் விருப்பத்தை யாரும் கேக்கலை? அத்தானையே கேட்டுச் சொல்லுங்க."

அத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, கோர்ட்டாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

தீர்ப்பு நாளன்றும் நாங்கள் போனோம். ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது என்றார் நீதிபதி. ஆள் கடத்திய குற்றத்துக்குப் பத்து வருடம் சிறை.

வெளியே வராந்தாவில் அக்கா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பத்து வருஷம்டி! இப்போ உன் வயிறு குளிர்ந்துச்சா?"

கத்தரிக்கோலின் கண் கலங்கியிருந்தது. கையை விலக்கிவிடவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை.

"அவர் எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியும். மனு போட்டுப் போய்ப் பார்க்கலாம். எப்போ வெளிய வருவாருன்னுகூடத் தெரியும். என்னைப் பூட்டி வச்சிருந்தப்போ இதுல ஒண்ணாவது உனக்குத் தெரியுமா? என் தங்கச்சி எங்கன்னு அந்த மனுஷனை ஒரு தடவையாவது கேட்டியா, அக்கா?"