தேனீக்களுக்குச் சேதி சொல்கிறவள்

தேனீக் கூடையை விரல் முட்டியால் மூன்று முறை தட்டிய பிறகுதான் ஓனேகா வாயைத் திறப்பாள். "நேத்து சமையக்கட்டுல பால் திரிஞ்சு போச்சுங்க. பெரிய குதிரை நொண்டுதுங்க" என்று அரண்மனைச் சங்கதியை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். கூடைக்குள் ஒரு முனகல் எழும். அதைக் கேட்ட பிறகே அடுத்த கூடைக்கு நகர்வாள்.

நவார்ரா அரசரின் தோட்டத்துத் தேனீக்கள் அவள் பொறுப்பு. அவள் தரும் மெழுகை உருக்கி மெழுகுவத்தி வார்ப்பது என் பிழைப்பு. தேவாலயத்து ஆயரின் காரியஸ்தரையே வாடா போடா என்று பேசுகிறவள், தேனீக்களை மட்டும் 'நீங்க' என்பாள். ஒன்று செத்துக் கிடந்தால் "தவறிட்டாங்க" என்று முனகியபடி எடுத்துப்போய்ப் புதைப்பாள். அரண்மனைக் கோழி செத்தால் மட்டும் இந்த மரியாதை கிடையாது, நேரே சட்டிக்குப் போய்விடும்.

எங்கள் நாட்டில் வீட்டுத் தலைவர் இறந்தால் முதலில் தேனீக்களுக்குத்தான் சொல்ல வேண்டும். கூடையில் கறுப்புத் துணி கட்டி, அடுத்த தலைவரின் பெயரையும் சொல்ல வேண்டும். தேனீ பார்க்கிறவள் சொல்லலாம், இல்லையென்றால் அந்த வீட்டு இரத்தம் சொல்லலாம். மற்றவர் சொன்னால் செல்லாது. முதலில் சொன்ன பெயர்தான் நிற்கும் என்பது நம்பிக்கை.

சென்ற அறுவடை முடிந்ததும் அரசர் வயிற்று வலியென்று படுத்தார். அவருக்கு ஒரே மகள், சின்னப் பெண் மென்சியா. ஒரே தம்பி, லோப்பே. பிரபுக்களில் பாதிப்பேர் பெண்பிள்ளைக்கு முடி எதற்கு என்றார்கள், மீதிப்பேர் அவள் பெயரில் சத்தியம் செய்தவர்கள். மென்சியா அப்பாவின் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு விடியற்காலையில் அரசர் கண்ணை மூடினார்.

ஓனேகா கறுப்புத் துணியோடு தோட்டத்துக்குப் போனாள். போன வேகத்தில் என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"தட்டினேன். சொன்னேன். சத்தமே இல்லடா. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு."

அவளோடு போய்ப் பார்த்தேன். நல்ல வெயிலிலும் ஒரு தேனீகூட வெளியே வரவில்லை. கடைசிக் கூடையின் பின்புறம், யாரும் எட்டிப் பார்க்காத சுவர்ப் பக்கமாக, ஏற்கெனவே ஒரு கறுப்புத் துணி கட்டியிருந்தது. தேனீக்கள் அதை மெழுகால் கூடையோடு ஒட்டியிருந்தன. பல நாள் வேலை அது. அரசரின் உடம்புச் சூடோ இன்னும் ஆறவில்லை.

ஓனேகாவும் கட்டவில்லை, மென்சியாவும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை என்றால், மிஞ்சிய இரத்தம் லோப்பேதான்; அண்ணன் சாகப்போவது தெரிந்தே, தன் பெயர் முந்த வேண்டுமென்று முன்பே வந்திருக்கிறார். அண்ணனைக் கொல்லத் துணிந்தவருக்கு, தேனீக்களிடம் சொல்லாமல் இருக்கத் துணிவு வரவில்லை. நாங்கள் அப்படிப்பட்ட ஜனங்கள்.

சாவை உடனே சொன்னாலும், அரச வீட்டில் அடுத்தவர் பெயரை மறுநாள் பிரபுக்கள் முன்னிலையில்தான் ஓனேகா சொல்ல வேண்டும். அவள் சொல்கிற பெயருக்குத்தான் முடி. லோப்பேயின் ஆள் வந்து, எந்தப் பெயர் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் தோட்டத்துக் கிணறு எவ்வளவு ஆழம் என்றும் விசாரித்துவிட்டுப் போனான். உயிர் முக்கியம் அக்கா, அந்தப் பெயரையே சொல்லித் தொலையுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"சொன்னா அந்தப் புள்ளைய மடத்துல பூட்டிடுவாங்க" என்றாள். "அப்புறம் அதுக்கும் வயித்து வலி வரும்."

மறுநாள் தோட்டம் நிறைந்துவிட்டது. வந்த பிரபுக்களில் தேனீ வளர்க்காத வீட்டார் ஒருவருமில்லை; துணியில் மெழுகு ஏற எத்தனை நாள் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓனேகா கடைசிக் கூடையிடம் போனாள். தட்டவில்லை. பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள். மெழுகு பிய்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மெழுகு படிந்த பக்கத்தை வெளியே விரித்து, ஒவ்வொரு பிரபுவின் முகத்துக்கும் நேராகக் காட்டிக்கொண்டே வரிசை நெடுக நடந்தாள். கடைசியில் லோப்பேயின் முன்னால் நின்று, துணியை நான்காக மடித்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.