ஆரியம் வந்த வழி

பென்னாகரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கத்து இருக்கைக்கு அந்தப் பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத பட்டுப்புடவை, மடியில் தடித்த ஆய்வேடு. பஸ் நிற்கும்போதெல்லாம் அதில் ஒரே பக்கத்தைத் திறந்து பார்த்து, பட்டென்று மூடினார்.

"பரீட்சைங்களா?" என்றேன்.

"பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுங்க. நம்ம மாவட்டத்து ஆரியம் பத்தின ஆராய்ச்சி."

எங்கள் பக்கம் கேழ்வரகுக்கு ஆரியம் என்றுதான் பெயர்.

"நம்ம பயிர்தானே, தைரியமாப் பேசுங்க."

அவர் அதே பக்கத்தை மறுபடி திறந்தார். "பழைய கட்டுரைங்களைத் தேடித் தொகுக்க ஏஐகிட்ட விட்டேனுங்க. ஆரியம் வடக்கேருந்து வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துச்சு. அப்படியே சேத்துட்டேன். நேத்துதான் மூலக் கட்டுரையப் படிச்சேன். அது ஆரியர் வந்த கதைங்க. தானியமே இல்ல."

"கைடு பாக்கலீங்களா?"

"நல்லா விரிவா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்தின் ஓரம் அவர் விரல் வியர்வையில் நைந்திருப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அப்போ கேள்வி கேக்க வர்றவரும் படிச்சிருக்க மாட்டாருங்க" என்று தேற்றினேன்.

"அதுதாங்க இன்னும் பயமா இருக்கு. நானே சொல்லிட்டா பட்டம் போயிரும். யாரும் கேக்காம பட்டம் குடுத்துட்டா, இது நெட்ல ஏறிடும். அடுத்து ஆரியம்னு தேடுற பிள்ளைக்கு, அந்த ஏஐ என் பேரைச் சொல்லித்தான் இதை எடுத்துக் குடுக்கும்."

கல்லூரி நிறுத்தத்தில் இறங்கினார். நல்லபடியா முடியும் என்று ஜன்னல் வழியாகச் சொல்ல வாயெடுத்தேன். எது நல்லபடி என்று எனக்கே தெரியவில்லை. கையை மட்டும் அசைத்தேன்.