இசைத்தட்டின் உறையில் விஷ்ணு

சுவிஸில், பீல் நகரில் எங்கள் வீட்டு நிலவறையில் பழைய கலண்டர்கள் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. சாமிப் படம் போட்டவை என்பதால், பழைய தாள்களோடு குப்பைக்கு வெளியே வைக்க எனக்கு மனம் வருவதில்லை. சாமிப் படத்தை எங்கே கண்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டும் என்று மகளுக்குப் பழக்கியதும் நான்தான்.

அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, கிண்டர்கார்டனில் பெற்றோரையும் அழைத்து ஒரு காலை இசை கேட்க வைத்தார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியை, தன் இளமைக்கால ராக் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். போதையும் கனவும் கலந்த இசை என்று அந்த வகையைப் பற்றி எங்கோ வாசித்திருந்தேன். அதைக் கேட்டுத்தான் வீட்டோடு சண்டை பிடித்துக்கொண்டு தரைவழியாக இந்தியாவுக்குப் போனாராம். அவர் வயதுக்காரர் பலருக்கும் அப்படித்தானாம்.

உறையில் விஷ்ணுவின் விசுவரூபம். தெய்வத்தின் முகம் இருக்கவேண்டிய இடத்தில், நீலக் கண்ணாடி போட்ட ஒரு கிற்றார்க்காரர்.

மகள் முன்னால் போய் உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைக் கண்டு மற்றப் பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்று ஒற்றிக்கொண்டார்கள். வழமையாக ஓரத்தில் நிற்கும் பிள்ளை அவள். அன்று எல்லாருக்கும் முன்னால் நின்றதைப் பார்த்து மகிழ எனக்குத் தெரியவில்லை. யாரைக் கும்பிடுகிறாள் என்ற பயம்தான் வந்தது.

"இது நாங்கள் கும்பிடும் கடவுளின் படம். முகத்தை மாற்றியிருக்கிறார்கள்" என்று ஆசிரியையிடம் ஜெர்மனில் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, தட்டை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். பாட்டு இல்லை என்றதும் பிள்ளைகள் எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள்.

"ஏனம்மா கதைச்சனீங்கள்?" என்றாள் பஸ்ஸில்.

"அது சாமி இல்லையம்மா."

"அப்ப கும்பிடச் சொன்னது ஆர்?"

மாலையில் வேலையால் வந்த கணவர், நடந்ததைக் கேட்டுவிட்டு அந்தப் பாட்டுகளைக் கைபேசியில் தேடிப் போட்டார்.

"நல்லாத்தானே வாசிக்கிறான். போட விட்டிருக்கலாம்."

"நான் பாட்டை நிப்பாட்டச் சொன்னனானோ?"

"சாமியைக் கொண்டுபோய்க் குறுக்க விட்டால், பிறகு ஆர் பாட்டுப் போடுவினம்?"

மகள் குசினிக் கதிரையில் ஏறி நின்று ஆடினாள். அரிசி கழுவியபடி நானும் கேட்டேன். நல்ல இசைதான். அதுவே எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் ஆசிரியையிடம், எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, தயவுசெய்து பிள்ளைகளுக்கு அதைப் போடுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருடம் எனக்கு இது புரியாமல் போயிற்று. நன்றி."

"பாட்டில் ஒரு பிழையும் இல்லை" என்று திரும்பவும் சொன்னேன்.

"உங்களுக்குப் பெரிய மனது. ஆனால் வீட்டிலும் இனி நான் அதைப் போடமாட்டேன்."

மரியாதை காட்டுகிற ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது?

"பாட்டுப் போடுவாவோ?" என்றாள் மகள்.

"இல்லை."

என் கையை உதறிவிட்டு, வகுப்பு வாசலில் சப்பாத்து மாற்றும் வாங்குப் பலகையில் போய் இருந்தாள். சப்பாத்தைக்கூட என்னைக் கழற்ற விடவில்லை.