அடையாற்றங்கரையில் அக்கா

புதிய கற்காலத்து ஊர் ஒன்றைத் தோண்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன், வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றிருக்கலாம். அப்படியிருந்தால் அது நானில்லையே! அம்மாவிடம் செல்போனை நீட்டினேன். வட்டமான குடிசைத் தரை, கம்பு நட்ட குழிகள், அடுப்புக்குக் கீழே ஒரு பெரிய பானை.

"பானைக்குள்ள இன்னாடா?"

"கைக்கொழந்தம்மா. அந்தக் காலத்துல செத்த கொழந்தைய ஊட்டுக்குள்ளயே பொதச்சிருக்காங்க."

அம்மா போனைத் திருப்பித் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "என் பொண்ணு கீற எடத்தயும் கண்டுபுடிச்சுக் காட்டுவியா நைனா?" என்றாள்.

எனக்கு முன்னால் பிறந்த பெண், பேர் வைப்பதற்குள் போய்விட்டது. பல் முளைக்காத பிள்ளையை எங்களில் எரிக்கமாட்டார்கள். அடையாற்றங்கரையில் எங்கள் குடிசையின் பின்சுவரை ஒட்டி அப்பா புதைத்தார். பெருவெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் வரிசையையே இடித்து, ஊருக்கு வெளியே மாடி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பஸ் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அம்மா கையெடுத்துப் பொதுவாக ஒரு கும்பிடு போடுவாள். அந்த இடத்தில் ஒரு தடவை பூ வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

எனக்கோ தலைக்கனம். ஆயிரக்கணக்கான வருஷத்து வீட்டைக் கண்டுபிடித்தவனுக்கு நான் பிறந்த வீடு எம்மாத்திரம்! "இதெல்லாம் ஒரு மேட்டரா? கெளம்பு" என்றேன்.

கரை அடையாளமே தெரியவில்லை. நடைபாதையும் கம்பி வேலியும் போட்டிருந்தார்கள். அதனால் என்ன? எங்கள் வேலையில் அசையாத பொருள்களை வைத்துத்தான் இடத்தைக் குறிப்போம். "பின்சுவத்தாண்ட நின்னா இன்னா தெரியும், சொல்லு" என்றேன்.

அம்மா யோசிக்கவேயில்லை. "இந்தாண்ட பாத்தா தண்ணித் தொட்டி, கோயில் கோபுரத்த மறச்சிக்கினு நிக்கும். அந்தாண்ட பாத்தா பாலத்தோட கடேசித் தூணுக்கு நேரா மாதா கோயில் சிலுவ."

நாலும் அப்படியே இருந்தன! எனக்கு ஒரே குஷி. தொட்டி கோபுரத்தை மறைக்கிற இடத்தைப் பிடித்து, அந்தக் கோட்டிலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன். தூணும் சிலுவையும் நெருங்கி வந்தன. அம்மா பூப்பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள். வேலிக் கம்பி வயிற்றில் இடித்தது.

தூண் இன்னும் சிலுவையைத் தொடவில்லை. தொட வேண்டுமானால் நான் ஆற்றில் இறங்கி நடக்க வேண்டும். ஆற்றை அகலப்படுத்துகிறேன் பேர்வழி என்று கரையை வெட்டி, மண்ணை லாரியில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் தரையே இல்லை.

"இன்னாடா, எடம் வந்துச்சா?"

இங்கேதான் என்று காலடியைக் காட்டியிருக்கலாம். பூ வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். பாழாய்ப்போன தொழில் புத்தி, கை தானாக நீண்டு தண்ணீரைக் காட்டிவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, கறுப்பாக ஓடிய தண்ணீரையே பார்த்தாள். பூவை அதில் போடவில்லை.

"தண்ணிக்குள்ளயா கீது?" என்றாள். "குளிருமேடா அதுக்கு."