ஜெயராமன் தூக்கிய பாதி வீடு

சென்னையை ஒட்டிய நூம்பலில் ஜெயராமன் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அந்தத் தெருவில் ஜாக்கி வைத்து உயரே தூக்கிய முதல் வீடு அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், பூந்தமல்லியில் வெல்டிங் பட்டறை ஒன்றில் எடுபிடியாக நுழைந்து, சொந்தமாக கிரில் பட்டறை வைத்து நிமிர்ந்தவர். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

அப்பா விட்டுப்போன வீட்டில் ஒரு பாதி அவருக்கு, மறு பாதி தங்கை நாகம்மாளுக்கு. நடுவில் ஒரே சுவர். புருஷன் போனபின், மகள் காவ்யாவையும் கட்டிக் கொடுத்துவிட்டு, நாகம்மாள் தனியாக இருந்தாள்.

ரோடு போடப் போட வீடு பள்ளத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வருடம் வந்த பெருவெள்ளத்தில் இரண்டு பாதியிலும் இடுப்பளவு தண்ணீர். இது மறுபடியும் வரும், தூக்கியே ஆகவேண்டும் என்றார் ஜெயராமன்.

நாகம்மாள் சிரித்தாள். "அது நூறு வருசத்துக்கு ஒரு தபா வர்றதுண்ணா. வந்துட்டுப் போயிடிச்சு. அடுத்த வெள்ளத்துக்கு நீயும் இருக்கப் போறதில்ல, நானும் இருக்கப் போறதில்ல."

அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வீடு தூக்குகிற மேஸ்திரி வந்து சுற்றிப் பார்த்தார். "ரெண்டையும் சேத்துத் தூக்கினா நோவு இல்ல அண்ணாத்தே. உன் பாதி மட்டும்னா நடுவுல அறுக்கணும்."

"அவ பாதியையும் நானே தூக்கிடுவேன். வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்," என்றார் ஜெயராமன்.

மனைவி கண்ணம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கூடப் பொறந்தவ எப்டிய்யா வாய் விட்டுக் கேப்பா? அண்ணந்தான் கூப்புடணும். நாலு அடி நடந்து போய்ச் சொல்லிட்டு வாயேன்."

"இன்னா பேசுற நீ? சிரிச்சவதான் வரணும்."

நாகம்மாள் வரவில்லை. மிஷின் வைத்துத் தளத்தையும் சுவரையும் அறுத்தார்கள். தங்கை பக்கம் ஒற்றைச் செங்கல் கனத்தில் ஒரு சுவர் எழுப்பிக் கொடுத்தார்கள். ஜெயராமனின் பாதி நாலடி மேலே போனது. வாசலையும் மண் கொட்டி உயர்த்தினார். பால் காய்ச்சிய அன்று நாகம்மாள் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். "நல்லா உசரமா கீதுண்ணா," என்றாள். படியேறவில்லை.

சில வருடம் கழித்து, ஒரு டிசம்பர் புயல் மழையில் மறுபடி வெள்ளம் வந்தது. ஜெயராமன் வீட்டுக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. அவர் சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் அவர் உயர்த்திய வாசலிலிருந்து வழிந்த தண்ணீரும் சேர்ந்து தங்கை வீட்டுக்குள் பாய்ந்தது. படியில் நின்று எட்டிப் பார்த்தார். நாகம்மாள் கட்டிலின் மேல் குந்தியிருந்தாள்.

"நாகு! மேல வாமே!"

"இப்பக் கூப்புடுறியாண்ணா?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவருக்குத் தோன்றியது. இறங்கப் போனார். அதற்குள் படகில் வந்த பையன்கள் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வந்தது. ஆவடியில் மகள் காவ்யாவின் மூன்றாவது மாடி வீட்டுக்கு நாகம்மாள் கிளம்பிவிட்டாள். ஜெயராமன் வண்டியை மறித்து நின்றார்.

"உன் பாதியையும் தூக்கிடலாம் நாகு. மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். நாளைக்கே ஆள் வரும்."

"வேணாண்ணா. மழ சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிச்சுக்குது. இனிமே என்னால இங்க படுக்க முடியாது." ஒரு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "நீ அன்னிக்கு அண்ணிகிட்ட பேசினது எனக்கும் கேட்டுச்சு. நடுவுல ஒரு சுவருதான இருந்துச்சு? கூப்புடுவே, கூப்புடுவேன்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

ஜெயராமன் வழியை விட்டு விலகினார். கட்டிலைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

அடுத்த மழையில் பூட்டிய பாதிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஜெயராமன் நாகம்மாள் விட்டுப்போன சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பக்கெட்டால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்.

"ஆளே இல்லாத ஊட்டுக்கு எதுக்குய்யா இந்தப் பாடு?" என்று மேலிருந்து கேட்டாள் கண்ணம்மா.

"திடீர்னு நாகு வந்து நின்னா?" என்றவர், மறுபடி குனிந்து மொண்டார்.